பொங்கலுக்குப் போகாத வீடு

அரசியல் கதைக்கிற வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அரசியல் தன்பாட்டில் வந்துவிடும் என்று பலருக்கு ஒரு நினைப்பு இருக்கிறது. நான் பார்த்தவரை அப்படி வருவதில்லை. யார் வந்தால் தேத்தண்ணி ஊற்ற வேண்டும், யார் வந்தால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போக வேண்டும், எந்தத் திருவிழாவுக்குப் புதுச்சட்டை, எதற்கு இல்லை, பள்ளிக்கூடத்தில் எதைச் சொல்லலாம், எதைச் சொன்னால் வீட்டுக்கு ஆள் வரும், இவைதான் பிள்ளைக்கு முதலில் வந்து சேரும். அந்தக் கொள்கைக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன, அதை நம்பாதவர்களிலும் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதெல்லாம் மிகப் பிந்தித்தான் தெரியவரும். எனக்கு அதில் பாதி அப்பா செத்த பிறகுதான் தெரிந்தது.

எங்கள் வீடு இலங்கையின் வடக்கே வன்னியில், முத்தையன்கட்டில் இருந்தது. அப்பா யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்குக்காரர். எழுபதுகளில் படித்த வாலிபர் திட்டம் என்று வந்து விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கங்களில் காணி கொடுத்தார்கள் அல்லவா, அதில் வந்து இறங்கியவர். சிறிமாவோ அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியை இறுக்கிப் பிடித்திருந்த காலம் அது. வன்னியில் செத்தல் மிளகாய் போட்டவர்கள் கையில் காசு கண்டார்கள், சிலர் கல்வீடு கட்டினார்கள், சிலர் உழவு இயந்திரம் எடுத்தார்கள். 1977 இல் ஜே.ஆர். வந்து இறக்குமதியைத் திறந்துவிட்டதும் விலை படுத்துவிட்டது. நான் பிறந்தது விலை படுத்த பிறகு. அதனால் கல்வீடு பாதிச் சுவரோடு நின்ற வீட்டில்தான் வளர்ந்தேன்.

அப்பா சண் ஆள். அதாவது நா. சண்முகதாசனின் சீனச் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சி. எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவர்களை ஒரு மாட்டுவண்டிலில் ஏற்றிவிடலாம், இடமும் மிஞ்சும். அம்மா முள்ளியவளை. அம்மாவின் தமையன், எங்கள் மாமா, தமிழரசுக் கட்சி, பிறகு தமிழர் விடுதலைக் கூட்டணி, பிறகும் மனதுக்குள் தமிழரசுதான். அவர் வீட்டு விறாந்தையில் தந்தை செல்வாவின் படம் மாலையோடு தொங்கும். மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் வருவார். வந்து கதிரையில் இருந்த கையோடு ஆரம்பிக்கும். 1956 தனிச்சிங்களச் சட்டத்தில் தொடங்கி, பண்டா–செல்வா ஒப்பந்தம், 1972 அரசியலமைப்பு, தரப்படுத்தல், வட்டுக்கோட்டைத் தீர்மானம் என்று போய், கடைசியில் எப்படியும் அப்பாவின் மிளகாயில் வந்து நிற்கும். "உங்களுக்குச் சோறு போட்டதும் சிறிமாதான், நீங்கள் திட்டினதும் சிறிமாவைத்தான்" என்பார் மாமா. அப்பாவுக்கு அதுதான் தைக்கும். நாங்கள் பிள்ளைகள் வாக்குவாதத்தை வேறு விதமாக அளந்தோம். மாமா சாப்பிட்டுவிட்டுப் போனால் இனப்பிரச்சினை அன்றைக்குச் சுமுகம். சாப்பிடாமல் சைக்கிளை எடுத்தால் அம்மா குசினிக்குள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பாத்திரங்களை உருட்டுவார், அன்றைக்கு யாரும் எங்களுக்குக் கதை சொல்லமாட்டார்கள்.

விறாந்தையில் சாமிப்படம் இல்லை. குசினித் தட்டில், சீனிப் போத்தலுக்குப் பின்னால், உள்ளங்கை அளவில் ஒரு கண்ணகி அம்மன் படம் இருந்தது. அது அங்கே இருப்பது அப்பாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும் என்பது அம்மாவுக்கும் தெரியும். சீனி எடுக்கிற நேரத்தில் அம்மா ஏன் ஒரு நொடி அதிகமாக நிற்கிறார் என்று கேட்கக் கூடாது என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை, நாங்களாகவே தெரிந்துகொண்டோம்.

வன்னியில் வளராதவர்களுக்கு வற்றாப்பளைப் பொங்கலை விளக்குவது கஷ்டம். வைகாசியில் ஒரு திங்கட்கிழமை. அதற்கு முன்னைய கிழமை முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கேற்றுவார்கள். பொங்கலன்று கிழக்கு மேற்கு என்று இல்லாமல் எல்லாத் திசையிலிருந்தும் வண்டிலிலும் உழவு இயந்திரத்திலும் நடையிலும் சனம் வந்து குவியும். வகுப்பில் எல்லோரும் ஒரு மாதத்துக்கு முதலே அதைப் பற்றியே கதைப்பார்கள். நாங்கள் போவதில்லை. காரணம் அப்பா. ஒருநாள் நான் விளக்கு எரிகிற கதையைச் சொல்லி அழுதபோது அவர் கோபிக்கவில்லை. ஒரு சிரட்டையில் தண்ணீர் எடுத்து, உப்புப் போட்டுக் கலக்கி, பழைய வேட்டியில் திரி கிழித்துப் போட்டு, "கொளுத்திப் பார்" என்று நெருப்புப் பெட்டியை என் கையில் தந்தார். திரி நுனியில் சீறிவிட்டு அணைந்தது. மறுபடியும் கொளுத்தினேன், அதேதான். அப்பாவின் முகத்தில் வென்ற களை எதுவும் இல்லை. கணக்குச் செய்து காட்டிய வாத்தியார் மாதிரி இருந்தார்.

நான் அடுத்த நாள் போய் அதை வகுப்பில் சொன்னேன். சிரட்டையில் எரியவில்லை, எங்கள் அப்பா செய்து காட்டினவர் என்று. படிப்பித்துக்கொண்டிருந்தவர் தலையில் ஓங்கிக் குட்டினார். அதைவிடப் பெரிய தண்டனை, என்னோடு தாயம் விளையாடுகிற பிள்ளைகள் ஒரு கிழமைக்கு மேலாக என்னைக் கிட்டவே எடுக்கவில்லை. ஒருத்தி, நான் தொட்ட புளியங்காயைக்கூட வாங்கமாட்டேன் என்றாள். வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா "பயப்படாதை, உண்மையைத்தானே சொன்னனி" என்றார். அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், "வீட்டுக் கதையை வெளியிலை கொண்டுபோகாதை பிள்ளை" என்றார். இரண்டு பேரும் என்னைத் தேற்றத்தான் பார்த்தார்கள். அப்பாவின் ஆறுதல் எனக்குக் கொஞ்சமும் உதவவில்லை. வகுப்பில் இருக்கப் போவது அவர் இல்லையே.

ஆனால் ஒவ்வொரு வைகாசியிலும் முள்ளியவளையில் அம்மம்மாவுக்குச் சுகமில்லாமல் போகும். சரியாகப் பொங்கலுக்கு முதல் நாள். அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு இரண்டாம் நாள் வருவார். "இப்ப எப்பிடி மாமிக்கு?" என்று அப்பா கேட்பார், "பரவாயில்லை" என்பார் அம்மா. பஸ் காசு கொடுத்ததே அப்பாதான். திரும்பி வரும்போது எங்கள் நெற்றியில் விபூதி இருக்காது, பாவாடைக் கரையில் மட்டும் கோயில் மணல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஒருமுறை யாழ்ப்பாணத்தில் இருந்து அப்பாவின் பழைய தோழர் ஒருவர் வந்து தங்கினார். அவர் வாயிலிருந்துதான் 1968 மாவிட்டபுரம் கதை கேட்டேன். தாழ்த்தப்பட்ட சனத்தைக் கந்தசாமி கோயிலுக்குள் விடச் சொல்லி வாசலில் போராடினார்கள். கோயிலில், தேத்தண்ணிக் கடையில் ஆட்களை ஒதுக்கக் கூடாது என்று 1957 இலேயே சட்டம் வந்திருந்தும் கதவு சாத்தித்தான் கிடந்தது. 1966 ஒக்டோபரில் சுன்னாகத்தில் இருந்து ஊர்வலம் போய்ப் பொலிசிடம் அடி வாங்கினார்கள். அதன் பிறகு மாவிட்டபுரம். அந்த வாசலில் எங்கள் அப்பாவும் நின்றிருக்கிறார், இளம் பெடியனாக. எனக்குத் தலை சுற்றியது. கோயிலே வேண்டாம் என்கிற மனுசன் போகாத கோயிலுக்கு ஏன் அடிவாங்கப் போனார்? கேட்டேன். அப்பா சொன்னார்: "எனக்குக் கோயில் வேண்டாம் எண்டு நான் சொல்லலாம். நீ வரப்படாது எண்டு வேறை ஒருத்தன் சொல்லக்கூடாது." நான் உடனே கேட்டேன்: "அப்ப எங்களை ஏன் விடுறியள் இல்லை?" தோழர் வாய்விட்டுச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. செம்பை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பதில் அவர் கடைசி வரை சொல்லவில்லை, ஆனால் அடுத்த வைகாசியில் அம்மம்மா சுகமாகவே இருந்தார், நாங்கள் பொங்கலுக்கென்றே போனோம். அப்பா வரவில்லை.

தொண்ணூறுகளில் வீட்டுக்குள்ளேயும் கதை குறைந்தது. வன்னியில் அப்போது ஒரே ஒரு அரசியல்தான், புலிகளுடையது, மற்றவை எல்லாம் வாய்க்குள். அப்பாவின் புத்தகங்கள் ஓர் உரப்பைக்குள் போய், மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் கிடங்குக்குள் போயின. கேட்டால் விதை வெங்காயம் என்று சொல்லச் சொன்னார்கள். எந்த விவசாயி விதை வெங்காயத்தைத் தாட்டு வைக்கிறான் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. (2002 இல் சமாதானம் வந்து ஏ9 திறந்த பிறகு அப்பா கிண்டிப் பார்த்தார். கறையான் எல்லாவற்றையும் படித்து முடித்திருந்தது.)

அந்தக் காலத்தில் அப்பாவுக்கு மிஞ்சியது ரேடியோ. பற்றறி வன்னிக்குள் வராது. சிமெந்து, உரம், பெற்றோல் போல அதற்கும் அரசாங்கத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து சீற்றும் ஹாண்டிலும் நிலத்தில் படும்படி நிறுத்தி, டைனமோவைச் சில்லோடு முட்டவைத்து, அதிலிருந்து இரண்டு வயர் இழுத்து ரேடியோவில் கொடுப்பார்கள். நடுவில் ஏதோ சின்னச் சாமான்கள் வைத்து ஒட்டித் தந்தவர் ஒட்டுசுட்டானில் ரேடியோ திருத்துகிறவர். ஒருவர் பெடலைக் கையால் சுற்றச் சுற்றத்தான் சத்தம் வரும். இரவு பிபிசி தமிழோசைக்கு நானும் அண்ணாவும் மாறி மாறிச் சுற்றுவோம். வேகம் குறைந்தால் லண்டனில் இருந்து வருகிற குரல் கிணற்றுக்குள் இறங்கிவிடும், அப்பா ஒரு கையைக் காதுக்கு வைத்தபடி மற்றக் கையால் "சுத்து, சுத்து" என்று காட்டுவார். சோவியத் ஒன்றியம் இல்லாமல் போன செய்தியை நான் அப்படிச் சுற்றித்தான் கேட்டேன். அவர் சீனப் பக்கம் நின்றவர், சோவியத் எப்போதோ கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்; ஆனாலும் அன்றிரவு சாப்பிடாமல் படுத்தார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது வலது தோள்மூட்டு வலிக்கிறது என்பது மட்டும்தான்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1996 இல் அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளி, பிறகு அதில் அரை மணித்தியாலம் பின்னால் எடுத்தது. வன்னி மாறவில்லை. 2006 ஏப்ரலில் கொழும்பு பழைய நேரத்துக்குத் திரும்பும் வரை வன்னிக்குள் ஒரு நேரம், ஓமந்தை தாண்டினால் இன்னொரு நேரம். வவுனியாவில் இருந்து வந்த சின்னப் பிள்ளைகள் எங்கள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துப் பிழை என்பார்கள், எங்கள் வீட்டுச் சின்னதுகள் அவர்களுடையதுதான் பிழை என்று சண்டைக்குப் போகும். எழுத்துக் கூட்டவே தெரியாத பிள்ளைகள்.

அண்ணா 1996 தொடக்கத்தில் இயக்கத்துக்கு, அதாவது புலிகளிடம், போனான். யாழ்ப்பாணத்துச் சனம் கிளாலிக் கடல் கடந்து வந்து வன்னியில் மரத்துக்கு மரம் இருந்த நாட்கள். எங்கள் வீட்டிலும் அப்பாவின் தங்கச்சி குடும்பம். அண்ணாவுக்கும் அப்பாவுக்கும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அண்ணா கேட்டது ஒன்றுதான்: "அநியாயத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறவனும் அநியாயக்காரன்தான் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?" அப்பாவிடம் அதற்கு மறுப்பு இருந்தது, நிறைய இருந்தது. இந்தியா, வர்க்கம், சிங்களத் தொழிலாளி, தனிநாடு என்று பக்கம் பக்கமாக இருந்தது. ஆனால் பெற்ற பிள்ளை தன் வசனத்தையே எடுத்துத் தன் முன்னால் வைக்கும்போது அவருக்கு ஒன்றும் வரவில்லை. நிமிர்ந்து நிற்கிற பழக்கத்தை அப்பா கொடுத்தார். எங்கே போய் நிற்பது என்பதை அண்ணா தானாகவே எடுத்துக்கொண்டான்.

அதன் பிறகு அம்மா பல மாதங்கள் அப்பாவோடு நேரே கதைக்கவில்லை. "கொப்பரிட்டைச் சொல்லு, சோறு போட்டிருக்கு எண்டு." அப்பா பக்கத்தில்தான் இருப்பார். "நீங்கள் கதைச்சுக் கதைச்சுத்தான் அவன் போனவன்" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அது நியாயமில்லை என்று எனக்கு இப்போது தெரியும். போன பிள்ளைகளின் வீடுகளில் பாதிக்கு மேல் அரசியலே கதைக்காத வீடுகள். இதில் இன்னொரு கூத்து, ஊரில் எங்களுக்கு மரியாதை கூடிவிட்டது. சிரட்டை விளக்குக்காக என்னைக் குட்டினவர் "தமையன் எப்படி?" என்று தணிந்து கேட்டார். அப்பாவைச் சபைகளில் முன்வரிசையில் இருத்தினார்கள். தான் நம்பாத ஒன்றுக்காகக் கிடைத்த கதிரையில் அப்பா எப்படி இருந்தார் என்பதை அவரின் முதுகைப் பார்த்தால் தெரியும், கதிரையில் சாயவே மாட்டார்.

எங்கள் வளவுக்குப் பக்கத்து வளவில் மலையகத்தில் இருந்து 1977 கலவரத்துக்குப் பிறகு வந்த குடும்பம். அவர்களின் மூத்தவள் என் கூட்டாளி. அந்த வீட்டில் அரசியல் என்பது ஒரு பிஸ்கட் தகரப்பெட்டி. அதற்குள் தோட்டத்துப் பதிவுத் துண்டுகள், தாத்தாவின் பெயர் எழுதிய கடுதாசிகள். 1948 இல் பறித்த பிரஜாவுரிமை எப்போதாவது திரும்பி வந்தால் காட்டுவதற்கு. பிள்ளைகள் அதைத் தொட்டால் அடி. இடம்பெயர்கிற நேரம் எல்லாம் அரிசிக்கு முதல் அந்தத் தகரம்தான் சைக்கிளில் ஏறும். 1998 கடைசியில் ஒட்டுசுட்டான் இராணுவத்தின் கைக்குப் போய் நாங்கள் எல்லோரும் உடையார்கட்டுப் பக்கம் ஓடியபோதும் அவள் மடியில் அதுதான் இருந்தது. 2003 இல் சட்டம் வந்து அவளின் அப்பாவுக்குப் பத்திரம் கிடைத்தது. அதை வைத்து அவர் வாக்குப் போடக் காத்திருந்த பெரிய தேர்தல் 2005 ஜனாதிபதித் தேர்தல். அதுதான் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் கிட்டத்தட்ட ஒருவரும் வாக்களிக்காத தேர்தல். "வாக்கு இல்லாத காலத்திலையும் வீட்டிலை இருந்தம், வாக்கு வந்தும் வீட்டிலை இருக்கிறம்" என்று அவர் சிரித்தாராம். என் கூட்டாளி இதை இப்போதும் சிரிக்காமல்தான் சொல்கிறாள்.

2007, 2008 பற்றி நீட்டமாட்டேன். இயக்கம் வீட்டுக்கு ஒருவர் என்று கேட்ட காலத்தில், அதுவரை கூட்டங்களில் கைதட்டிய தகப்பன்மார் சிலர் பதினேழு வயதுப் பிள்ளைக்கு இரவோடு இரவாகக் கலியாணம் பேசினார்கள், சிலர் நெல்லுக் குதிருக்குள் ஒளித்தார்கள். அவர்களை இரட்டை வேடம் என்று வெளியில் இருந்து எழுதுகிறவர்கள் எழுதட்டும். அப்படி ஒளித்து வைக்கப்பட்ட பிள்ளைகளோடு நான் பிறகு கதைத்திருக்கிறேன். தகப்பனின் கொள்கை தங்களிடம் வந்து நின்றுவிட்டது என்பதை அவர்கள் ஒரு குறையாகச் சொல்வதில்லை. கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்கிறார்கள்.

2009 மே மாதம், சண்டை முடிந்து சனம் வெளியேறிய வட்டுவாகலுக்குப் பிறகு அண்ணாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அப்பா 2014 இல் போனார். தலையணைக்குக் கீழே ஓர் ஒற்றை எழுதி வைத்திருந்தார். ஐயர் வேண்டாம், பறை வேண்டாம், எட்டுச்செலவு வேண்டாம், அந்தியேட்டி வேண்டாம். பறை வேண்டாம் என்பதற்கு மட்டும் காரணம் எழுதியிருந்தார்: தன் சாவுக்கு ஒரு சாதிக்காரன் வந்து வெயிலில் நிற்கத் தேவையில்லை என்று. மாமா வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசித்தார். பிறகு சொன்னார்: "ஐயர் இல்லை, சரி. பறை இல்லை, சரி. எட்டும் அந்தியேட்டியும் அவருக்கில்லை, எனக்கு. அது நடக்கும்." எழும்பிப் போய் உலை வைக்கச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் இருந்து மூன்று கிழவர்கள் ஒரு சிவப்புத் துணியோடு வந்து இறங்கினார்கள், அதைப் போர்த்தினார்கள். மாமா திருப்பொற்சுண்ணம் படித்தார். கிழவர்களில் ஒருவர் அதை வாய்க்குள் சேர்ந்து முணுமுணுத்ததை நான் கண்டேன். எட்டுக்கு அம்மா அப்பாவுக்குப் பிடித்த கணவாய்க் கறியும் ஒரு சுருட்டும் படைத்தார். நாற்பது வருசமாகச் சீனிப் போத்தலுக்குப் பின்னால் வைத்திருந்த பிடிவாதத்தை அன்றைக்குத்தான் வெளியே எடுத்து வைத்தார் என்று நினைக்கிறேன். அப்பாவுடையதைத்தான் நாங்கள் எல்லோரும் கொள்கை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அதோடு முடியவில்லை. 2017 மார்ச்சில் முல்லைத்தீவில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் தொடங்கியபோது அம்மா முதல் கிழமையே போனார். வாழ்க்கையில் ஒரு கூட்டத்துக்கும் போகாத மனுசி. அண்ணாவின் படம் என்று எங்களிடம் மிஞ்சியது பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு எடுத்த ஒன்று. அதை லமினேற் பண்ணிக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். மைக் நீட்டுகிற பெடியன்கள் "உங்களுடைய கோரிக்கை என்ன அம்மா?" என்று கேட்டால் மற்றவர்கள் சர்வதேச விசாரணை என்று தெளிவாகச் சொல்வார்கள், அம்மா "பிள்ளையைக் காட்டுங்கோ" என்பார். பிறகு பிறகு அவரும் சர்வதேச விசாரணை என்று சொல்லப் பழகிவிட்டார், ஜெனீவாவில் எந்த மாதம் ஐ.நா. கூட்டம் என்பது இப்போது எங்கள் வீட்டில் அவருக்குத்தான் தெரியும். நட்டஈட்டுக் கதை வந்தபோது படிவத்தில் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றுவிட்டார். வாங்கினால் அவன் செத்ததை ஒத்துக்கொண்ட மாதிரி. அந்த வருசம் எங்கள் கூரைத் தகடு மாற்ற வேண்டியிருந்தது. நான் கணிதம் படிப்பிக்கிறவள், கணக்குத் தெரியும், வாயைத் திறக்கவில்லை. நாற்பது வயது தாண்டியும் தாயின் கொள்கைக்கு வாளி வைத்து ஒழுக்கு ஏந்துகிற பிள்ளையாகத்தான் இருக்கிறேன்.

என் வீட்டில் அரசியல் கதைப்பதில்லை என்று ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். இரவுச் செய்தி போடுவதில்லை, வட்ஸ்அப்பில் வருகிற தேர்தல் வீடியோக்களை மேசையில் வைத்துப் பார்க்கக் கூடாது. என் மகள் 2011 இல் பிறந்தவள், ஒன்றையும் சுமக்காமல் வளரட்டும் என்பதுதான் எண்ணம். அவளோ ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது விரல் மடக்கிச் சொன்னாள்: "தாத்தா செங்கொடிக் கட்சி, மாமா இயக்கம், முள்ளியவளைத் தாத்தா வீட்டுச் சின்னம், அம்மம்மா காணாமல் போனாக்கள் சங்கம், நீங்கள் 'படி' கட்சி." எனக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது. செய்தியை நிறுத்துகிற கையையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். என் அப்பா கதைத்ததை விட என் அம்மா கதைக்காததைத்தான் நானும் அதிகம் பார்த்தேன், ஆகவே இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

2024 இல் அவளின் கேள்விகள் கூடிப்போயின. செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலுக்குச் சங்கு, நவம்பர் பாராளுமன்றத் தேர்தலுக்கு வீடு, சைக்கிள், திசைகாட்டி என்று ஒழுங்கை முழுக்கச் சின்னங்களின் படம். வன்னியின் 6 இடங்களில் 2 திசைகாட்டிக்கு, அதாவது ஜே.வி.பி. தலைமையிலான தேசிய மக்கள் சக்திக்கு, போனபோது ஆசிரியர் அறையே இரண்டாகப் பிரிந்து கதைத்தது. அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று மாமா என்னைக் கேட்டார். செங்கொடி வென்றது என்று சந்தோசப்பட்டிருப்பாரோ? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜே.வி.பி.யைத் தொடங்கிய விஜேவீர சண்ணின் கட்சிக்குள் இருந்து போனவர் என்ற கோபம் அப்பாவுக்குக் கடைசிவரை ஆறவில்லை, 2006 இல் வடக்கையும் கிழக்கையும் பிரிக்க வழக்குப் போட்டவர்கள் என்பது வேறு. ஆனால் ஊழல் கதைக்கும்போது அவர் ரேடியோவுக்குக் கொஞ்சம் கிட்ட வந்திருப்பார். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு மாமா சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

போன பள்ளி விடுமுறையில் அம்மா முல்லைத்தீவுக்குப் போராட்டத்துக்குப் போன நாளில் மகளும் வரப்போகிறேன் என்றாள். ரியூசன் இருக்கிறது என்றேன். "விடு பிள்ளை, வரட்டும்" என்றார் அம்மா. போய்வந்து முதலில் சொன்னது வெயிலைப் பற்றி, இரண்டாவது அங்கே ஒரு அம்மம்மா தன் பொதிச்சோற்றில் பாதியைக் கொடுத்ததைப் பற்றி. அண்ணாவின் படத்தைச் சில நேரம் தான் பிடித்திருந்ததாகவும், அவர் பார்க்கத் தன் வகுப்புப் பெடியன் ஒருவன் மாதிரி இருக்கிறார் என்றும் சொன்னாள். மற்றபடி அதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. நானும் கிண்டவில்லை.

2029 இல் தனக்கு வாக்கு வரும் என்று இப்போதே கணக்குப் பார்த்து வைத்திருக்கிறாள். யாருக்குப் போடுவாய் என்று கேட்டேன். வாக்கு இரகசியமானது, குடியுரிமைக் கல்விப் புத்தகத்தில் இருக்கிறது என்கிறாள். அம்மம்மா தனியாகக் கூப்பிட்டு ஒரு கண்டோஸ் சொக்லேட் கொடுத்துக் கேட்டுப் பார்த்தாராம். கண்டோஸை வாங்கிக்கொண்டாளாம், பதில் சொல்லவில்லையாம்.